பூட்ஸ் இருக்கு பாஸ், ஆள் இல்லை

சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவன் தினம் மூன்று ஆட்டம் படம் பார்ப்பான், ஆனால் ஒரு படத்தையும் முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டான். எழுபதுகளில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் ஒன்பது வருஷம் அந்த வேலை பார்த்தேன். வாசலில் டிக்கெட்டைக் கிழிக்க வேண்டும். விளக்கு அணைந்ததும் டார்ச் அடித்து, தாமதமாக வருகிறவர்களை அடுத்தவர் காலை மிதிக்காமல் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். பஸ் கண்டக்டர்கள், ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள், கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் என் கஷ்டம் பாதி சொல்லாமலே புரியும். மீதியைச் சொல்கிறேன்.

மச்சம்

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு எங்கள் தியேட்டரில் பழைய படம் போடுவார்கள். அதில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் திரும்பி வருவது ஒரு துப்பறியும் படம். பெயர் வேண்டாம், எடுத்தவரே அதை மறக்க விரும்பினார். ஒரு சி.ஐ.டி., ஒரு குகை, குகைக்குள் சிவப்பும் பச்சையுமாக எரிந்து அணையும் பல்புகள், நாட்டின் ரகசியத்தை வெளிநாட்டுக்கு விற்கப் பார்க்கும் வழுக்கைத் தலை பாஸ். முதலில் வெளியானபோது இரண்டு வாரம்கூட ஓடவில்லை. சில வருஷம் கழித்துக் காலைக் காட்சியில் பார்த்தவர்கள்தான் அதன் மேல் பைத்தியமானார்கள். நல்ல படம் என்று யாரும் சொல்லவில்லை. அதில் இருந்த அத்தனை அபத்தத்தையும் அவர்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். பாஸ் ரகசியக் கதவைத் திறக்கும்போது இங்கே பெஞ்சிலிருந்து கதவு கிறீச்சிடும் சத்தம் கொடுப்பார்கள். சி.ஐ.டி.க்குப் பின்னால் அடியாள் வந்தால் 'பின்னாடி, பின்னாடி' என்று எச்சரிப்பார்கள். அவர் எத்தனை தடவை சொன்னாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பெஞ்சு டிக்கெட்டில் முதல் ஆள் கன்னியப்பன். அடையாறு கடற்கரைக் குப்பத்தில் வலை போடுகிறவர். விடியற்காலையில் கரையேறி, மீனை வீட்டுக்காரியின் கூடையில் போட்டுவிட்டு, குளித்துத் தலைக்கு எண்ணெய் தடவி, ஒன்பதரைக்கெல்லாம் வாசலில் வந்து நிற்பார். கூட எப்போதும் ஏழெட்டுப் பேர். படத்தில் சி.ஐ.டி. கன்னத்தில் ஒரே ஒரு மச்சத்தை ஒட்டிக்கொண்டு, சமையல்காரனாகத் தன் சொந்த வீட்டுக்கே வேலைக்குப் போவார். அவர் மனைவிக்கு அடையாளம் தெரியாது. அவள் அவரிடமே தன் புருஷனை நினைத்து அழுவாள். அந்த அழுகைக்கு நடுவில் தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி கன்னியப்பன் சொன்னார்: "எம் பொண்டாட்டி இருட்டுல கடல்ல வர்ற கட்டுமரத்தப் பாத்தே என்னியக் கண்டுபுடிச்சிடறா. இங்க ஒரு மச்சத்துக்கு ஏமாந்துட்டு அழுதுக்கினு கீது. குடுத்து வச்ச மவராசன்பா இவன்."

பத்து பத்து

சேர் டிக்கெட்டில் பாஷ்யம். அபிராமபுரத்திலிருந்து குடையோடு நடந்தே வருவார். ஏதோ ஓர் ஆபீசில் மற்றவர்கள் எழுதிய கடிதங்களைத் திருத்துகிற உத்தியோகம். மடியில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கும், அதில் படத்தின் தவறுகளுக்கு நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தார். மச்சம் ஒரு பாட்டுக்கு முன் இடது கன்னத்திலும் பாட்டுக்குப் பின் வலது கன்னத்திலும் இருப்பது நாலாம் நம்பர். குகைச் சுவரில் யாரோ ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருப்பது பதினெட்டாம் நம்பர். அவருக்கு மிகவும் பிடித்தது சி.ஐ.டி.யின் வாட்ச். பன்னிரண்டு மணிக்கு வெடிகுண்டு வெடிக்கப் போகிறது என்று அவர் மூன்று முறை வாட்ச்சைப் பார்ப்பார், மூன்று முறையும் அது பத்து பத்து காட்டும். பாஷ்யம் தன் வாட்ச்சையும் எடுத்துக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்ப்பார். அவர் வரிசை முழுக்க அதைச் செய்யும்.

ஒரு ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்த புதியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை தப்பு இருக்கிறது என்று தெரிந்தும் எதற்காக சார் திரும்பத் திரும்ப வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். பாஷ்யத்துக்குக் கோபம் வரவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆபீஸ்ல தப்பைக் காட்டினா தப்பை விட்டுட்டு என்னை மாத்திடறா சார். இங்க தப்பும் அதே எடத்துல இருக்கு, நானும் அதே எடத்துல இருந்துண்டிருக்கேன்."

கேனை

இனிமேல் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன்.

டிக்கெட் கிழிக்க வருவதற்கு முன் கோடம்பாக்கத்தில் நான்கு வருஷம் அலைந்தேன். கல்யாண ஊர்வலத்தில் நடந்திருக்கிறேன், கோர்ட் சீனில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன், கலவரத்தில் ஓடியிருக்கிறேன். முகமும் தெரிந்து வசனமும் கிடைத்தது இந்த ஒரு படத்தில்தான். சி.ஐ.டி.யைப் பிடித்துக் குகையில் அடைத்திருப்பார்கள். அவருடைய பூட்ஸுக்குள் வயர்லெஸ் இருக்கிறது என்று பாஸுக்குத் தெரிந்துவிடும், அதனால் பூட்ஸுக்குத் தனியாகக் காவல் போடுவார். அடியாட்கள் எல்லோரும் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருக்க, சி.ஐ.டி. வெறுங்காலோடு நடந்து போய்விடுவார். ஒட்டுத்தாடியும் கோடு போட்ட பனியனுமாக நான் அந்த பூட்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, பாஸ் காலடியில் தடுக்கி விழுந்து, எழுந்து, 'பூட்ஸ் இருக்கு பாஸ், ஆள் இல்லை' என்பேன். பாஸ் துப்பாக்கியை நீட்டிச் சுடுவார். நான் சாவதைக்கூடக் காட்டவில்லை, டுமீல் என்று சத்தம் மட்டும் வரும்.

அந்த ஐந்து வார்த்தையும் என் குரல் இல்லை. குகைக்குப் போட்ட புகையில் என் தொண்டை கட்டிக்கொண்டது, குரல் பதிவு செய்த அன்று எனக்குக் காற்றுதான் வந்தது. வேறு யாருக்கோ குரல் கொடுக்க வந்திருந்த ஒருவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஒரே தடவையில் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்சம் மூக்கால், கடைசி 'இல்லை'யில் அழுகை முட்ட. அந்த அழுகைக்குத்தான் இத்தனை வருஷம் கழித்தும் தியேட்டர் சிரிக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி சரோஜாவிடமும் சொன்னதில்லை.

சரோஜாவுக்குச் சைதாப்பேட்டை. பெண் பார்க்கப் போனபோது என் சித்தப்பா 'பையன் சினிமாவில் நடிக்கிறான்' என்று சொல்லித்தான் சம்பந்தத்தை முடித்தார். கல்யாணத்துக்கு முன்பே படம் வந்து சுருண்டுவிட்டது. ஒரே ஒரு தடவை என்னைத் திரையில் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னிடம் எந்தப் படம், எந்த மூலை என்று கேட்பார், அவள் தலையைக் குனிந்துகொண்டு பலகாரத் தட்டை எடுத்துப் போவாள். கூட்டிக்கொண்டு வர எனக்கும் ஆசைதான். ஆனால் எண்ணூறு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் அவளை எப்படி உட்கார வைப்பேன்? சிரிப்பு கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் கூட்டி வரலாம் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

சிரிப்பு அடங்குவதாக இல்லை. நான் வரும் இடத்துக்கு ஒரு நிமிஷம் முன்பே பெஞ்சில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வாய் திறந்ததும் தியேட்டரே சேர்ந்து வசனத்தைச் சொல்லும். அப்படி ஒரு காலைக் காட்சியில் நான் டார்ச்சோடு கன்னியப்பன் பக்கத்தில் நின்றேன். முதல் தடவை வந்திருந்த மச்சானுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்ப பூட்ஸத் தூக்கிக்கினு ஒரு கேனை ஓடியாருவான் பாரு. அவனுக்காவத்தான் நான் படத்துக்கே வர்றது."

மேனேஜர் உத்தரவு

சத்தத்தில் வசனமே கேட்கவில்லை என்று யாரோ மேனேஜருக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டார். கத்துகிறவன் முகத்தில் டார்ச் அடி, மறுபடி கத்தினால் வெளியே கொண்டுபோய் விடு, உன்னால் முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். உலகத்தில் எத்தனை நடிகர்கள் உண்டோ தெரியாது. தன் வசனத்தை ஜனங்கள் சொல்லக் கூடாது என்று டார்ச்சோடு காவல் நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த இடம் வந்தது. எண்ணூறு பேர் மூச்சை இழுத்தார்கள். யார் முகத்தில் என்று டார்ச் அடிப்பது? பழகிய முகம் என்று கன்னியப்பன் முகத்தில் அடித்தேன். திரையில் நான் விழுந்து எழுந்தேன், இங்கே அவர் கண் கூசி, உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, வசனத்தை விடாமல் சொல்லி முடித்தார். பிறகு கோபமே இல்லாமல் என்னிடம் சொன்னார்: "நைனா, என் மூஞ்சில இன்னாத்துக்கு அடிக்கிறே. அங்க அடி, அந்த ஆளு மூஞ்சி இருட்டாக் கீது."

ரீலின் தலை

இனி ஆபரேட்டர் நடேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடியில் படம் ஓட்டுகிறவர், நல்ல மனுஷர். படம் பல ரீல்களாக வரும், ஒரு மிஷினில் ஒன்று முடியும்போது அடுத்த மிஷினில் அடுத்ததை ஓடவிட வேண்டும். மாட்டும்போதும் கழற்றும்போதும் இழுபட்டு, ரீலின் தலையும் வாலும்தான் முதலில் கிழியும். கிழிந்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டுவார்கள். எல்லா ஊர் ஆபரேட்டர்களும் அதைத்தான் செய்வார்கள். என் தலையெழுத்து, நான் வருவது ஒன்பதாவது ரீலின் முதல் காட்சி.

ஒரு வருஷம் நான் ஓடி வருவது போயிற்று, நேராக விழுந்தேன். அடுத்த வருஷம் விழுவதும் போயிற்று, தரையிலிருந்து எழுந்தேன். எதற்குத் தரையில் கிடந்தேன் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் பெஞ்சில் அதைக் கவனித்து வருத்தப்பட்டார்கள். பாஷ்யம் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு சத்தம் போயிற்று. பிலிமில் சத்தம் படத்துக்குக் கொஞ்சம் முன்னால் பதிந்திருக்குமாம், வெட்டும்போது அதுதான் முதலில் போகுமாம். அந்த மாதங்களில் திரையில் நான் வாயை மட்டும் திறந்து மூடினேன், குரலைத் தியேட்டர் கொடுத்தது. எனக்கு அது புதிதில்லை.

மாடிக்குப் போய், அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக மாட்டுங்கள் என்று நடேசனிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். நான்தான் அது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வாசலில் முறுக்கு விற்கிறவர்வரைக்கும் என்னை பூட்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜனங்களுக்குப் பிடித்த இடம் என்று இழுத்தேன். நடேசன் பிலிமை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தளவு இருந்த என்னைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னார்: "நீங்க கவலப்படாதீங்க அண்ணே, இவன் போனாலும் கதைக்கு ஒண்ணும் ஆகாது."

சரோஜா வந்த ஞாயிறு

விநியோகஸ்தரின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார், பிரிண்ட் நைந்துவிட்டது, இந்தத் தடவைதான் கடைசி, அப்புறம் இந்தப் படம் எங்கேயும் வராது என்று. இனிச் சிரிப்பு அடங்கவெல்லாம் காத்திருக்க முடியாது. முன்பு ஓடியபோது நான் வாயைத் திறந்து மூடியது இருந்ததே, அதுவாவது போதும் என்று நினைத்தேன். சனிக்கிழமை சரோஜாவிடம் நாளைக்கு வா என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுக்க வாங்கி வைத்திருந்த ரவிக்கைகளை அப்படியே மூட்டை கட்டி ஓரமாக வைத்தாள், கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள், அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள்.

கடைசி வரிசையில், கதவை ஒட்டிய சேரில் அவளை உட்கார வைத்தேன். ஜனங்கள் கொஞ்சம் சிரிப்பார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லி வைத்தேன். அவள் மச்சத்துக்குச் சிரித்தாள், வாட்ச்சுக்குச் சிரித்தாள், பின்னாடி பின்னாடி என்று மற்றவர்களோடு சேர்ந்து சி.ஐ.டி.யை எச்சரித்தாள். பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. இவளை முன்பே கூட்டி வந்திருக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது. எட்டாவது ரீலில் சி.ஐ.டி. வெறுங்காலோடு நழுவினார். குனிந்து, அடுத்தது நான்தான் என்றேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே பெஞ்சிலும் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

ஒன்பதாவது ரீல் தொடங்கியது. பாஸ் முகம் வந்தது. பாஸ் துப்பாக்கியை எடுத்தார், காலியாக இருந்த தரையைப் பார்த்துச் சுட்டார். 'பூட்ஸ் இருக்' என்று தொடங்கிய எண்ணூறு குரலும் அப்படியே நின்றது. இதற்கு முன் கடைசியாக ஓட்டிய ஊரில் யாரோ வெட்டியிருக்கிறார்கள். படப்பெட்டி அன்று காலையில்தான் வந்து சேர்ந்தது, நடேசனுக்குப் பார்க்க நேரம் இல்லை. நிசப்தத்தில் பாஷ்யத்தின் குரல் மட்டும் கேட்டது, பூட்ஸும் இல்லே, ஆளும் இல்லே என்று. யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் ஒருவர் மாடியைப் பார்த்து ஆபரேட்டரைத் திட்டினார், ஆளைக் கொண்டா என்று இன்னொருவர் எழுந்து நின்றார். சரோஜா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைத் தொட்டு, "எங்க, இன்னும் வரலியா?" என்றாள்.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. டார்ச்சை அணைத்தேன். கதவருகே நின்றபடி, பதினோரு வருஷம் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன், பூட்ஸ் இருக்கு பாஸ், ஆள் இல்லை. மூக்கால் சொல்லவில்லை, அழவும் இல்லை. என் சொந்தக் குரலில், கோடம்பாக்கத்தில் அன்று எப்படிச் சொல்ல வேண்டும் என்று ராத்திரியெல்லாம் பழகி வைத்திருந்தேனோ அப்படியே சொன்னேன். தியேட்டர் திரும்பி இருட்டைப் பார்த்தது. பிறகு கன்னியப்பன் தீர்ப்புச் சொன்னார்: "யார்பா அது கதவாண்ட? சுமாராத்தான் கீது. இன்னா இருந்தாலும் அந்த ஆளு மாதிரி வராது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவருக்கு நல்ல காது.

காட்சி முடிந்து பகல் வெளிச்சத்துக்கு வந்தோம். கன்னியப்பனும் பாஷ்யமும் வாசலில் நின்று துக்கம் விசாரிக்கிறவர்கள் போல ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு போனார்கள். இருவரும் அதற்கு முன் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. சரோஜாவை பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டேன். அண்ணன் வீட்டில் காத்திருப்பார்கள், நேராக அங்கேதான் போகிறாள். சைதாப்பேட்டை பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தாள். அந்த ஆளு அந்த ஆளு என்கிறார்களே, அது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "அப்புறம் ஏங்க உங்களுக்கு அந்த ஆளு மாதிரி வரலங்கறாங்க?"

இருட்டில் ஊருக்கெல்லாம் இடம் காட்டுகிற உத்தியோகத்தில் இருப்பவன் பெண்டாட்டியைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் முதல் வாரமே கூட்டி வந்துவிட வேண்டும் என்பதுதான் ஒன்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது.